அறியாமை யாருடையது?

தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி என் நண்பர் ஒருவர் குடியிருக்கிறார். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக இரண்டு பத்திரிகைகளைப் படித்துவிடுவார். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குக் காப்பி ஜீரணமாகாது. அந்த 'யாராவது' பெரும்பாலும் நான்தான். 2024 மே மாதத்தில் ஒரு நாள் காலை அவர் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"ஏமாந்து போனோம் ஐயா! நம்மையெல்லாம் நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்!" என்றார்.

விஷயம் இதுதான். ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி இங்கிலாந்து நாட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்த ஒரு பத்திரத்தில், தங்கள் கொரோனா தடுப்பு மருந்து மிக மிக அபூர்வமாக ரத்தம் உறையும் கோளாறை உண்டாக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அதே மருந்தைத்தான் புனாவில் சீரம் நிறுவனம் தயாரித்து, கோவிஷீல்டு என்ற பெயரில் நம் கையில் ஏற்றினார்கள். நண்பருக்கு அன்று விடியற்காலை முதல் இடது காலில் என்னவோ இழுக்கிறதாம். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா, ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டார்.

நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். 2021ஆம் வருஷம் இதே மனிதர் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஊசி போட்டுக்கொள்ளாதவனுக்கு ரேஷன் அரிசியை நிறுத்த வேண்டும் ஐயா. அப்போதுதான் இந்தப் பாமர ஜனங்களுக்குப் புத்தி வரும்" என்று தீர்ப்பு வழங்கியவர். அன்று நான் அதற்குத் தலையாட்டினேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை. தலையாட்டிய பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தலையாட்டலை நிறுத்தியவள் வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி விற்கும் ஓர் அம்மாள்.

2021 ஜூலை முதல் வாரத்தில் இரண்டாம் அலையின் ஊரடங்கு தளர்ந்து, வழிபாட்டுத் தலங்களைத் திறந்தார்கள். அந்த மாதம் நடுவில் ஒரு காரியமாக நாகப்பட்டினம் போனவன், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று வேளாங்கண்ணிக்கும் போனேன். மாதா கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற கடைத்தெருவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெழுகுவர்த்தி, மாலை, தேங்காய், ஜெபமாலை, வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், கண் என்று மனித உடம்பில் எங்கெங்கே நோவு வருமோ அத்தனைக்கும் அங்கே காணிக்கைச் சாமான் உண்டு. அன்று பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. திறந்திருந்த ஒரு கடையில் ஓர் அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், வெயிலில் வளைந்துபோன நீள மெழுகுவர்த்திகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரியநாட்டுத் தெருவில் வீடு. கடலோடும் குடும்பம். சுனாமியில் வீட்டைப் பறிகொடுத்து, மீண்டும் கட்டிக்கொண்டவள்.

பேச்சுவாக்கில், "ஊசி போட்டுக்கொண்டீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆரோக்கிய மாதாவின் காலடியில் இருக்கிறவள். மாதா காப்பாற்றுவாள் என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தையும் தானே எழுதிவிடுவான். "மாதா இருக்கிறார்கள் என்ற தைரியமா?" என்று வேறு கேட்டு வைத்தேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் புஜத்தைக் காட்டினாள். அம்மை குத்திய தழும்பு, பழைய காலணா அகலத்துக்கு.

"இதைக் குத்தினப்ப மாதா கோவிச்சுக்கிட்டாங்களா? எம் பிள்ளைங்க மூணுக்கும் எல்லா ஊசியும் போட்டுருக்கேன். பேரப்பிள்ளைக்குச் சொட்டு மருந்து குடுக்க மொத ஆளாப் போய் நிப்பேன். மாதாவுக்கும் ஊசிக்கும் சண்டை இல்லீங்கய்யா. நீங்களா மூட்டி விடாதீங்க."

வாஸ்தவம். வேளாங்கண்ணியில் காணிக்கை செலுத்துகிறவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருகிறவர்கள்; மறுபாதி ஆஸ்பத்திரிக்குப் போகப் போகிறவர்கள். டாக்டரும் மாதாவும் அவர்களுக்குப் போட்டிக் கடைகளே அல்ல. அந்தக் கோயிலே 2020இலும் 2021இலும் ஆகஸ்டு 29ஆம் தேதிக் கொடியேற்றத்தைப் பக்தர்கள் இல்லாமல் நடத்தியது. லட்சக்கணக்கானவர்கள் கால்நடையாக வந்து சேரும் திருவிழா அது. அங்கே உள்ளவர்களுக்கு நோய் தொற்றும் என்பது தெரியாது என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்?

சரி, பிறகு ஏன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை? அந்த அம்மாள் காரணம் சொன்னாள். விரலை மடக்கி எண்ணிச் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டே, வந்த வாக்கில் சொன்னாள்.

கடை இரண்டு மாதம் மூடிக் கிடந்து இப்போதுதான் திறந்திருக்கிறது. புதன்கிழமையானால் குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். ஊசி போட்டவர்கள் இரண்டு நாள் காய்ச்சலில் படுக்கிறார்கள். "அந்த வாரத் தவணையை ஊசி போட்டவங்களா கட்டுவாங்க?" முதலில் இருபத்தெட்டாம் நாள் இரண்டாவது ஊசி என்றார்கள், பிறகு ஆறு வாரம் என்றார்கள், இப்போது எண்பத்துநாலு நாள் என்கிறார்கள். "மருந்து குடுக்குறவங்களுக்கே நாள் நிச்சயமில்லேன்னா நான் என்னங்கய்யா செய்யிறது?" அப்புறம், ஏப்ரலில் நடிகர் விவேக். 15ஆம் தேதி சென்னையில் சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஜனங்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று எல்லோரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிவதற்குள் போய்விட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தன் அண்ணன் மே மாதத்தில் இறந்துபோனதைச் சொன்னாள். அறுபது தாண்டியவர். மார்ச் மாதமே போட்டுக்கொண்டிருக்கலாம். ஈஸ்டர் கழியட்டும் என்று இருந்தார். ஈஸ்டர் கழிந்ததும் விவேக் செய்தி வந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றார். மே மாதம் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாலாம் நாள் முடிந்துபோயிற்று.

"கோவிச்சுக்காதீங்க. எங்க அண்ணன் ஊசி போட்டுக்காம செத்தாரு. அந்த நடிகரு ஊசி போட்டுக்கிட்டுச் செத்தாரு. இதுல நான் எந்தச் சாவை நம்புறது?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. "அது வேறம்மா, இது வேற" என்று முனகிவிட்டு, இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறைகூட வாங்கவில்லை. கேட்டது பாமர ஸ்திரீ; பதில் தெரியாமல் நழுவியது நாலு புத்தகம் எழுதியவன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் எப்போது போட்டுக்கொண்டேன்? அறுபது தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் முதல் தேதி ஆரம்பித்தார்கள். நான் போய்க் கையை நீட்டியது ஏப்ரல் கடைசியில். எட்டு வாரம்! அந்த எட்டு வாரமும் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்று டாக்டர்களுக்கும் அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கும் டெலிபோன் பேசிக்கொண்டிருந்தேன். கோவிஷீல்டா, கோவாக்சினா? ஐரோப்பாவில் சில தேசங்களில் மார்ச்சில் நிறுத்தி வைத்தார்களாமே? கோவாக்சினுக்கு ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்தார்களே, மூன்றாம் கட்டப் பரிசோதனையில் எவ்வளவு பலன் என்ற கணக்கு மார்ச்சில்தானே வெளிவந்தது? ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்களாமே? இப்படியெல்லாம் குடைந்தேன். நான் மட்டுமா? ஜனவரி 16ஆம் தேதி இந்தத் திட்டம் ஆரம்பமானபோது முதல் வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும்தான். நம் மாகாணத்திலும் முதல் நாட்களில் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கினரே வந்தார்கள். டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் எங்களுக்கு இது வேண்டாம், அது வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள்.

நான் தயங்கினால் அதற்கு 'ஆலோசனை' என்று பெயர். டாக்டர் தயங்கினால் 'எச்சரிக்கை'. மெழுகுவர்த்திக்காரி தயங்கினால் 'அறியாமை', 'மூட நம்பிக்கை'. இந்த அகராதியைத் தொகுத்தவர்கள் யார்? நானும் என் பாங்கி நண்பரும்தான்.

அவள் காட்டிய தழும்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்தத் தழும்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. நம் ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ள மாட்டேன் என்று வைக்கோல் போருக்குள் ஒளிந்தார்கள், மாரியம்மனுக்குக் கோபம் வரும் என்று பயந்தார்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பொய்யில்லை. புன்னைநல்லூருக்கும் சமயபுரத்துக்கும் நேர்ந்துகொண்டு, முத்துப் போட்ட வீட்டில் வேப்பிலை செருகி, தாளிதத்தை நிறுத்தி, வெளியார் வராமல் பார்த்துக்கொண்ட வீடுகள்தான் எல்லாம். ஆனால் பாதிச் சரித்திரத்தைத்தான் படித்திருக்கிறோம். இங்கிலாந்தில் ஜென்னர் 1796இல் கண்ட முறை 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் மருந்து புட்டியில் வராது. ஒரு குழந்தையின் கையில் குத்திக் கொப்புளம் எழும்பிய எட்டாம் நாள், அதன் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். கைக்குக் கை. முதல் குழந்தைக்கு வேறு ரத்த வியாதி இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்; போயிருக்கிறது. இதற்குத் தன் குழந்தையைக் கொடுக்கத் தயங்கிய தாய்க்கு மாரியம்மன் பயம் ஒன்றுதானா காரணம்? கன்றுக்குட்டியிலிருந்து மருந்து எடுக்கும் வழி பரவி, கைக்குக் கை குத்துவது நின்றபோது, அந்தத் தயக்கத்தில் ஒரு பாதி தானே கழன்று போயிற்று.

இந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு புத்திசாலி செய்த காரியத்தைக் கேளுங்கள். எல்லிஸ் துரையைத் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் கலெக்டராக இருந்தவர். திருக்குறளுக்கு உரை எழுதியவர். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால், 1816இலேயே எழுதியவர். மகா மேதை. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பசுவின் அம்மைப்பாலைப் பற்றிச் சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல ஒரு புராணக் கதையைத் தாமே எழுதினார். சமஸ்கிருதத்திலும் ஒரு பாட்டை இயற்றி, பழைய காகிதத்தில் எழுதவைத்து, எங்கேயோ கிடைத்த புராதன ஏடு என்று உலவவிட்டார் என்று அவர் காலத்தவரே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனங்களுக்கு நன்மை செய்யவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதனால் எத்தனை பேர் கையை நீட்டினார்களோ! ஜென்னருக்கு முன்பே நம் சாஸ்திரங்களில் அம்மைப்பால் இருந்தது என்று, இப்படிப்பட்ட புனைவுகளை நம்பிச் சத்தியம் செய்தவர்கள் பின்னால் நிறையப் பேர் கிளம்பினார்கள்.

எனக்கு எல்லிஸ் துரை மேல் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தக் காரியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த ஜனங்களிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை, கதைதான் செல்லும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவருக்குப் பிறகு இருநூறு வருஷமாக, அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். கதை மட்டும் மாறும். 'இந்த ஊசியால் ஒன்றுமே ஆகாது, பயப்படாதே' என்பது 2021ஆம் வருஷத்துக் கதை.

தயங்குகிறவன் பாமரன் என்பவர்களுக்கு இன்னொரு சங்கதியையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1948இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் க்ஷயரோகத்துக்கு பி.ஸி.ஜி. மருந்து தயாரிக்கத் தொடங்கி, பிறகு தேசம் முழுவதும் குழந்தைகளுக்குக் குத்தினார்கள். 1955இல் அதைப் பகிரங்கமாக எதிர்த்துப் புத்தகமே எழுதியவர் யார்? சாக்ஷாத் ராஜாஜி! கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அதற்கு முந்தைய வருஷம்தான் பாரத ரத்னம் பெற்றவர். ஆரோக்கியமாக இருக்கும் லட்சோபலட்சம் பேர் உடம்பில், பலன் நிச்சயமாகாத ஒன்றை ஏற்றுவது எந்த நியாயம் என்பது அவருடைய வாதம். ரேஷனை நிறுத்த வேண்டும் என்று ராஜாஜியைப் பற்றி யாராவது சொன்னார்களா?

பிறகு என்ன ஆயிற்று? 1968இல் செங்கல்பட்டு ஜில்லாவில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டு, உலகத்திலேயே பெரிய அளவில் பி.ஸி.ஜி.யைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுப்பதாகத் தெரியவில்லை என்று 1979இல் முடிவு வெளியாயிற்று. ராஜாஜி ஜயித்தார் என்று உடனே கைதட்டிவிடாதீர்கள். பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய க்ஷயத்தை அந்த மருந்து தடுக்கிறது; அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குக் குத்துகிறார்கள். ராஜாஜி சொன்னபடி நிறுத்தியிருந்தால் எத்தனையோ சிசுக்கள் போயிருக்கும். கேட்டவர் கேட்டார், கேட்டதற்கு விடை தேடும் வேலையை இரண்டரை லட்சம் கிராமத்து ஜனங்கள் கையை நீட்டி நடத்திக் கொடுத்தார்கள். இதில் அறியாமை எங்கே வந்தது?

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். எந்தச் சாவை நம்புவது?

விடை இருந்தது. அவள் என்னைக் கேட்ட நாளிலேயே அச்சாகி இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் நம்முடைய போலீஸ்காரர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதம். தமிழ்நாட்டுப் போலீசில் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதவர்கள் 17,059 பேர். அவர்களில் 20 பேர் கொரோனாவில் இறந்தார்கள். ஒரு ஊசி போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டு ஊசியும் போட்டவர்கள் 67,673 பேர், இறந்தவர்கள் 4.

இதற்கு வியாக்கியானம் வேண்டுமா? தவணைக் கணக்கைத் தலைக்குள்ளேயே போடுகிற ஸ்திரீக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும். போலீஸ்காரர்களைப் பார்க்காத ஊர் இல்லை. அவர்களும் காக்கிக்குள் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இந்த மூன்று வரியை வேளாங்கண்ணி பஸ் நிலையத்துச் சுவரில் தமிழில் எழுதி வைத்திருக்கலாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 'தயங்காதீர், தடுப்பூசி போடுவீர்' என்று முழக்கிக்கொண்டு போனார்களே, அதில் சொல்லியிருக்கலாம். தயங்காதே என்பது உத்தரவு. உத்தரவு போட ஒலிபெருக்கி இருந்தது. காரணம் சொல்ல இல்லை.

ரத்தம் உறையும் சங்கதியும் அப்படித்தான். என் நண்பர் 2024இல் ஏதோ ரகசியம் வெளிப்பட்டுவிட்டதாக நடுங்கினாரே, அதில் ரகசியம் எதுவும் இல்லை. 2021 மே 17ஆம் தேதியே மத்திய சர்க்கார் அறிக்கை விட்டது. சந்தேகத்துக்கு இடமான 26 கேஸ்கள். பத்து லட்சம் கோவிஷீல்டு ஊசிக்கு 0.61, அதாவது ஒன்றுகூட இல்லை. ஊசி போட்ட இருபது நாளுக்குள் மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, கால் வீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று அந்த அறிக்கையிலேயே இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. இரண்டு பத்திரிகை படிக்கும் என் நண்பரே அதைப் படிக்கவில்லை என்றால், ஆரியநாட்டுத் தெருவுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? விவேக் விஷயமும் அதே கதை. அடைப்பு இருதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில், ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியார் அன்றே சொன்னார்கள். விசாரித்து அதை முடிவாகச் சொன்ன நிபுணர் குழுவின் தீர்ப்பு வெளிவந்தது அக்டோபரில். நடுவில் ஆறு மாதம். மே 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் நோய் கண்டவர்கள் 36,000க்கு மேல். அந்த ஆறு மாதத்துக்குள்தான் அந்த அம்மாளின் அண்ணன் போனார்.

அந்த இடைவெளியில் கடை விரித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தயங்குகிறவளை மரியாதையோடு நடத்தவேண்டும் என்று சொன்னால், பயத்தை விற்றுப் பிழைக்கிறவனையும் சேர்த்துக் கும்பிடச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. ஊசிக்குள் காந்தம் இருக்கிறது, இரண்டு வருஷத்தில் எல்லோரும் சாவார்கள், என் லேகியம் போதும் என்றெல்லாம் பேசினானே, அவன் தயங்கவில்லை. அவன் நிச்சயமாக இருந்தான். பலர் ரகசியமாகப் போட்டுக்கொண்டும் இருந்திருப்பார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட ஆரம்பித்தபோதும் இந்தக் கூட்டம்தான் வாட்ஸ்அப்பில் புரளியைக் கிளப்பிற்று. அப்போது பள்ளிக்கூடத்தில் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தவர்களில் பட்டணத்துப் பெற்றோர்கள், காரில் வந்து பிள்ளையை இறக்கிவிடுகிறவர்கள், நிறைய. குறித்த நாளுக்குள் முடியாமல் காலத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. அவர்களைப் பாமரர் என்று எந்தப் பத்திரிகை எழுதிற்று?

பயமுறுத்தலும் நடந்தது. 2021 செப்டம்பரில் நீலகிரியில், ஊசிச் சான்றிதழ் காட்டினால்தான் மதுக்கடையில் பாட்டில் என்று உத்தரவு. (மலைக்காற்றில் அந்தச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு ஏறியிருக்கும்!) சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் தர்மவான்கள் பிரியாணி போட்டுப் பரிசுகளும் கொடுத்தார்கள். பிரியாணியை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்த வயிற்றுக்கு அது மருந்துதான். ஆனால் தவணைக்குப் பயந்தவளுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தால் அது நியாயம். குலுக்கலில் மிக்ஸி விழும் என்றால் அது என்ன?

எனக்குப் பிடித்தது வேறொன்று. செப்டம்பர் 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, 40,000 இடங்களில் முகாம் போட்டு ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் குத்தினார்கள். ஜனங்கள் வந்தார்கள், ஏனென்றால் ஊசி அவர்கள் தெருவுக்கு வந்தது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சாரார் வரவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். அன்று கறி சாப்பிடுகிறவர்களும் மது அருந்துகிறவர்களும், ஊசி போட்டால் இரண்டையும் விடவேண்டும் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள் என்று தெரிந்தது. மந்திரி மா. சுப்பிரமணியன் அதைப் பகிரங்கமாகவே சொல்லி, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். என் பாங்கி நண்பர் அன்று வயிறு வெடிக்கச் சிரித்தார். "கறிக்காகச் சர்க்காரே நாளை மாற்றுகிறது பார்த்தீரா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் சர்க்கார் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். எல்லிஸ் துரை செய்யாததைச் செய்தார்கள்: 'ஏன் வரவில்லை?' என்று கேட்டார்கள்.

2024 ஆகஸ்டில், கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்னதாக மறுபடியும் வேளாங்கண்ணி போனேன். கடைத்தெரு பழையபடி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று வருஷத்துக்கு முந்திய சில்லறையைக் கொடுக்க வந்தாள். நான் போலீஸ்காரர் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப எதுக்குங்கய்யா? நான் அந்தப் பெரிய முகாம்லயே போட்டுக்கிட்டேன்" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். பேரனுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் கிராமத்து நர்ஸ் அம்மா வீட்டுக்கு வந்தாளாம். காய்ச்சல் வரும், ஒரு நாளோ இரண்டு நாளோ, இல்லை என்று சொல்ல மாட்டேன், சாயந்திரம் நானே வந்து பார்க்கிறேன் என்றாளாம். வந்தும் பார்த்தாளாம்.

"ரத்தம் ஒறையுமாமே, பேப்பர்ல போட்டிருக்கான்னு எம் பையன் சொன்னான். மெய்யா?"

"மெய்தான் அம்மா. பத்து லட்சத்தில் ஒருவருக்கோ என்னவோ. வருவதானால் ஊசி போட்ட சில வாரத்துக்குள் வந்திருக்கும். உங்களுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் போட்டுக்கொண்டிருப்பீர்களா?"

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் காவியுடுத்திய யாத்திரைக் கூட்டம் ஒன்று கடைக்குள் புகுந்துவிட்டது. ஒரு பையனை நிறுத்தி, அவன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. வேறொன்றைத் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"போட்டுருப்பேன். எங்க அண்ணனைக் கடைசியில பாத்தவ நானு."